வாடிக்கையாளர் எப்போதும் சரியா? கடை முகப்பில் நிற்பவர்கள் சந்திக்கும் விசித்திர மனிதர்கள்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கூட்டம் வடிந்துவிட்டது. ஒரு துணிக்கடைக்குள் நடுத்தர வயது அம்மா ஒருவர் காகிதப் பையோடு நுழைகிறார்.

"தங்கச்சி, இந்தச் சேலைய மாத்தணும். நிறம் பிடிக்கல. பையிலேருந்து எடுக்கவே இல்ல."

முகப்பில் நிற்கும் பெண்ணுக்கு வயது 19. டிப்ளோமா படிப்பில் சேரப் பணம் சேர்ப்பதற்காக வேலைக்கு வந்தவள். சேலையைப் பிரித்துப் பார்க்கிறாள். முந்தானையில் மஞ்சள் கறை. கொசுவ மடிப்பில் ஊசி குத்திய துளைகள். உள்ளே காய்ந்துபோன மல்லிகை இதழ் ஒன்று.

"ஆண்ட்டி, இது கட்டின சேலை மாதிரி இருக்கே..."

அவ்வளவுதான். அந்த அம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "நான் பொய் சொல்றேன்னு சொல்றியா? உன் வயசு என்ன, என் வயசு என்ன? கூப்பிடு உன் முதலாளிய!"

முதலாளி ஓடி வந்தார். கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆண்ட்டிகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். அவள் கேட்டாள். சேலை மாற்றித் தரப்பட்டது. அந்த அம்மா புதிய சேலையோடு புறப்பட்டார். இந்தப் பெண் உடை மாற்றும் அறைக்குள் போனாள். பத்து நிமிடம் வெளியே வரவில்லை.

கடைகளில் வேலை செய்தவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் இப்படிக் கதைகள் வந்து விழும். சில கதைகள் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். சில கதைகளைச் சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிடும். இந்த விசித்திர வாடிக்கையாளர்கள் யார்? அவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள்? முகப்புக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேலையை இரவல் வாங்குபவர்

முதல் வகை, பொருளை வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர். விருந்துக்குச் சேலை, நேர்முகத் தேர்வுக்குக் காலணி, பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்குக் கேமரா. வேலை முடிந்ததும் "பிடிக்கவில்லை" என்று கடைக்குத் திரும்பி வந்துவிடும். இவர்களைப் பொறுத்தவரை கடை என்பது வாடகை இல்லாத இரவல் நிலையம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது இரு தரப்புக்குமே சரியாகத் தெரிவதில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் தன் பொறுப்பு முடிந்தது எனக் கடைக்காரர் நினைக்கிறார். பணம் கொடுத்து வாங்கிய பொருளை எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம் என வாடிக்கையாளர் நினைக்கிறார். இரண்டுமே தவறு.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருக்கிறது. ரசீதில் எதை அச்சிட்டாலும் அந்த உத்தரவாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வாங்கிய ஒரே வாரத்தில் தையல் பிரிந்தால், ஒருமுறை அலசியதும் சாயம் முழுவதும் போய்விட்டால், கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால், குறையில்லாத சேலையை நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் பெருந்தன்மை. அதையே அவர் விளம்பரமாகச் சொல்லியிருந்தால், சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

உண்மையான குறை இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் போகவேண்டிய இடம் ஒன்று உண்டு. பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. சாதாரணமாக அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வாங்கியவரே போய்ப் பேசலாம். மாத்தா தட்டி உருட்டி மிரட்டத் தேவையில்லாமல், ரசீதையும் பொருளையும் எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

ஆக, 19 வயதுப் பெண் கேட்ட கேள்வியில் தவறு இல்லை. கேட்ட விதம் இன்னும் கொஞ்சம் பக்குவமாக இருந்திருக்கலாம். "ஆண்ட்டி, இதில் கறை இருக்கிறது, முதலாளியிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்றால் பழி யார்மேலும் விழாது. ஆனால் அந்தப் பக்குவத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர் யாரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் விலைப் பட்டியலைக் கொடுத்தார்கள். கோபப்படுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு சென்னுக்கு ஒரு சண்டை

அடுத்த வகை, அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வியைக் காசாளரிடம் கேட்பவர்.

பேரங்காடியில் மொத்தக் கணக்கு 17 ரிங்கிட் 43 சென். காசாகக் கட்டினால் 17 ரிங்கிட் 45 சென். "என் ரெண்டு சென் எங்கே?" என்று ஒருவர் நிற்கிறார். பின்னால் எட்டுப் பேர் வரிசை.

இது கடைக்காரர் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. மொத்தத் தொகை 1, 2 சென்னில் முடிந்தால் கீழே இறங்கும். 3, 4 என்றால் 5 ஆகும். 6, 7 என்றாலும் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் 10க்கு ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல, மொத்தக் கணக்குக்கு மட்டும். அதுவும் காசாகக் கட்டும்போது மட்டும். வங்கி அட்டையில் கட்டினால் 43 சென் 43 சென்னாகவே இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் சமமாகவே நடக்கிறது. ஆனால் இரண்டு சென் குறைந்தபோது முகப்பில் நின்று நன்றி சொன்னவரை எந்தக் காசாளரும் பார்த்ததில்லை.

2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி 6 விழுக்காடு வந்தபோதும் இதே கதைதான். 2018 ஜூன் முதல் தேதி அது பூஜ்யமாகி, செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்தபோதும் அப்படியே. "வரியை எடுத்துட்டாங்களே, ஏன் விலை குறையல?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் காசாளரா? சிலாங்கூரில் 2017இல் நெகிழிப் பைக்கு 20 சென் வசூலிக்கத் தொடங்கியபோது, வாங்கிய முட்டைகளைச் சட்டைக்குள் அடுக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பரவாயில்லை, அது அவர் சாமர்த்தியம். பையை முகத்தில் விட்டெறிந்தவரை என்ன சொல்வது?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இந்தச் சுமை உச்சத்துக்குப் போனது. நேற்றுவரை சோப்பு அடுக்கிய பையன், வாசலில் உடல் வெப்பம் அளக்கும் காவலாளி ஆனான். முகக்கவரி போடச் சொன்னதற்கும், ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னதற்கும், கைப்பேசியில் பதிவு செய்யச் சொன்னதற்கும் திட்டு வாங்கினான். விதியை எழுதியவர் வேறு, விதியின் முகமாக நின்றவர் வேறு.

இதன் உள்காரணம் எளிது. விலையை முடிவு செய்பவரும் சட்டத்தை இயற்றுபவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரே மனிதர் முகப்பில் நிற்பவர். திருப்பிப் பேச முடியாத இடத்தில் அவர் நிற்கிறார் என்பதும் கோபப்படுகிறவருக்குத் தெரியும்.

48 வெள்ளி மாயமான கதை

மூன்றாவது வகை ஆபத்தானது. இவர் கத்த மாட்டார். சிரித்துச் சிரித்துப் பேசுவார். "சாப்பிட்டியாம்மா?" என்று விசாரிப்பார்.

சேலைச் சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்து, அதே துணிக்கடைக்கு அப்படி ஒருவர் வந்தார். இரண்டு வெள்ளிக்கு ஒரு கைக்குட்டை. நீட்டியது 50 வெள்ளி நோட்டு. பெண் 48 வெள்ளி பாக்கி கொடுத்தாள்.

"அடடா, சில்லறை இருக்குதே! இந்தா ரெண்டு வெள்ளி. என் அம்பதைக் கொடுத்துடும்மா, இந்தா உன் நாப்பத்தெட்டு." அவள் 50ஐக் கொடுத்தாள். 48ஐ வாங்கிக் கையில் வைத்திருந்தாள். இதுவரை கணக்கு சரி.

அவள் அந்தப் பணத்தைக் கல்லாவில் போடுவதற்குள் அடுத்த வார்த்தை வந்தது. "உன் கையில நாப்பத்தெட்டு இருக்குல்ல? இந்தா இன்னொரு அம்பத்திரண்டு. மொத்தம் நூறு. ஒரே நோட்டாக் கொடுத்துடு."

நாற்பத்தெட்டும் ஐம்பத்திரண்டும் நூறு. கூட்டல் சரிதான். அவள் 100 வெள்ளி நோட்டைக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரவு கணக்குப் பார்க்கும்போது சரியாக 48 வெள்ளி குறைந்தது.

எங்கே போனது? அவள் கையில் இருந்த 48 ஏற்கெனவே கடையின் பணம். 50 வெள்ளி நோட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஈடாக வந்தது. அந்தக் கடைப் பணத்தையே தன் பணம்போலக் கூட்டிக் காட்டி, 52 வெள்ளியைக் கொடுத்து 100 வெள்ளியைக் கொண்டுபோய்விட்டார். ஒரு பரிமாற்றம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவதுதான் இந்த வித்தையின் சூட்சுமம். பேச்சு நிற்காமல் ஓடும். கணக்குப் போட மனத்துக்கு நேரம் கிடைக்காது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லாமல் உலகம் முழுக்கக் காசாளர்கள் இதில் விழுந்திருக்கிறார்கள்.

தடுப்பதற்கு மூன்று பழக்கங்கள் போதும். ஒன்று, வாங்கிய நோட்டை உடனே கல்லாவுக்குள் போடாமல், வாடிக்கையாளர் பாக்கியை எண்ணி வாங்கும்வரை கண்ணில் படும்படி வைப்பது. இரண்டு, ஒரு கணக்கு முடிந்து கல்லாவை மூடிய பிறகே அடுத்ததைத் தொடங்குவது. மூன்று, "ஒரு நிமிஷம் அண்ணே, முதல்ல இதை முடிச்சிடுறேன்" என்று சொல்லத் துணிவது. நேர்மையானவர் காத்திருப்பார். ஏமாற்ற வந்தவர் அவசரப்படுவார்.

காலம் மாற, வித்தையும் மாறியிருக்கிறது. இப்போது கியூஆர் குறியீட்டில் பணம் கட்டியதாகக் கைப்பேசித் திரையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்கிறார்கள். அது பழைய படமாகவோ திருத்திய படமாகவோ இருக்கலாம். வாடிக்கையாளரின் திரையை நம்பக்கூடாது. கடையின் கணக்கில் பணம் வந்து சேர்ந்துவிட்டதா என்று கடையின் கைப்பேசியில்தான் பார்க்கவேண்டும். ஆனால் பல கடைகளில் அந்தக் கைப்பேசி முதலாளியின் சட்டைப் பையில் இருக்கிறது. முதலாளி தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்!

குறைந்த பணம் யார் தலையில்?

இரவு 48 வெள்ளி குறைந்ததும் முதலாளி சொன்ன வார்த்தை இதுதான்: "சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 ரிங்கிட். அந்தப் பெண்ணுக்கு 48 வெள்ளி என்பது முக்கால் நாள் உழைப்பு. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் கழித்துப் பார்த்தால் அதைவிட அதிகம்.

இப்படிப் பிடிக்க முடியுமா? தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்துச் சொல்கிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், சேமநிதி போன்ற சட்டப்படியான சந்தாக்கள் ஆகியவை அதில் அடங்கும். அந்த வரையறைக்கு வெளியே, கல்லாவில் குறைந்தது என்று முதலாளி தன் விருப்பத்துக்குக் கத்தரி போட முடியாது. சந்தேகம் உள்ளவர்கள் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் மாதக் கடைசியில் கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கிறார்கள்.

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பணியாளரே திருடினால் என்ன செய்வது? அதற்கு விசாரணை இருக்கிறது, காவல் துறை இருக்கிறது. திருடியவரும் திருடப்பட்டவரும் ஒன்றல்ல. ஏமாற்றுக்காரன் கடையிலிருந்து 48 வெள்ளியைக் கொண்டுபோனான். அதைப் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்தால், அவன் திருடியது அந்தப் பிள்ளையிடம் என்று ஆகிவிடும்.

கை நீட்டுபவர், வாய் நீட்டுபவர்

சிரிப்பை வரவழைக்காத இன்னொரு வகையும் உண்டு. பாக்கிச் சில்லறையை வாங்கும்போது விரலைப் பிடித்துக்கொள்பவர். தினமும் வந்து எதையும் வாங்காமல் நின்று பார்ப்பவர். "உன் நம்பர் கொடு, முதலாளிகிட்ட உன்னைப் பத்தி நல்லதாச் சொல்றேன்" என்பவர்.

இளம் பெண்கள் இதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால், "வேலைக்குப் போக வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிடுவார் என்ற பயம். கடையில் சொன்னால், "அவர் நல்ல வாடிக்கையாளர், கொஞ்சம் பொறுத்துப் போ" என்ற பதில் வரும்.

பொறுத்துப் போகவேண்டிய அவசியம் இல்லை. ஒரு பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்தோடு பேசுவதும் சைகை காட்டுவதும் தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவின் கீழ் குற்றம். 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் இயற்றப்பட்டு, அதற்கான நடுவர் மன்றம் 2024 மார்ச் மாதம் செயல்படத் தொடங்கியது. தொல்லை கொடுப்பவர் முதலாளியாகவோ சக ஊழியராகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர்மீதும் புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைப்பதும், கடையின் கேமராப் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குவதும் பிற்பாடு பெரிதும் உதவும்.

இது மலேசியாவின் பிரச்சினை மட்டுமன்று. ஸ்காட்லாந்தில் கடைப் பணியாளர்களைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கி 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளரைத் தெய்வமாகப் போற்றும் ஜப்பானில், வாடிக்கையாளர் கொடுக்கும் தொல்லைக்குத் தனிப் பெயரே உண்டு. 'கசுஹரா' என்கிறார்கள். தோக்கியோ மாநகரம் அதற்கு எதிராக இயற்றிய விதி 2025 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதில் தண்டனை இல்லை. ஆனால், பணியாளரை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை ஆகாது என்பதை ஊரறியச் சொல்லியாகிவிட்டது.

ராஜாவாக்கியது யார்?

'வாடிக்கையாளர் எப்போதும் சரியே' என்ற வாசகம் எங்கிருந்து வந்தது? சிகாகோவில் பெரிய அங்காடி நடத்திய மார்ஷல் ஃபீல்டும், அவரிடம் பணியாற்றிப் பின்னர் 1909இல் லண்டனில் சொந்த அங்காடி திறந்த ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜும் இதைப் பரப்பியவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் வாங்கும் பொருள் கெட்டுப்போயிருந்தால் அது வாங்கியவரின் தலைவிதி. விற்றவர் கண்டுகொள்ள மாட்டார். அந்த நிலையில், 'புகாரைக் காது கொடுத்துக் கேள்' என்று பணியாளருக்குச் சொன்னது பெரிய முன்னேற்றம். வாடிக்கையாளர் என்ன செய்தாலும் தலையாட்டு என்பது அதன் பொருள் அல்ல.

நம்மவர் கடைகளில் காந்தியின் படத்தோடு ஒரு வாசகம் தொங்கும். வாடிக்கையாளரை மிக முக்கியமான விருந்தினராகப் போற்றும் வாசகம். அதை அவர் சொன்னதற்கு நம்பகமான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய அதே கருத்து 1940களில் அமெரிக்க வணிக ஏடுகளில் அச்சாகியிருக்கிறது. யார் சொன்னாலும் கருத்து நல்ல கருத்துதான். ஆனால் விருந்தோம்பல் என்றால் வீட்டுப் பிள்ளையை அடித்து விருந்தாளியை மகிழ்விப்பதா?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்தார். உள்ளே கோபமும் அழுகையும் இருக்கும்போது வெளியே புன்னகை செய்வதும் ஓர் உழைப்பே என்று சொல்லி, அதற்கு 'உணர்வு உழைப்பு' என்று பெயர் வைத்தார். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எட்டு மணி நேரம் சிரித்துக்கொண்டே நிற்பவருக்கு எது வலிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உடை மாற்றும் அறையில் கழிந்த அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் இல்லை.

தினம் ஒரு கிலோ சீனி

எல்லா விசித்திர வாடிக்கையாளரும் வம்புக்காரர் அல்லர். இதைச் சொல்லாவிட்டால் கணக்கு ஒரு பக்கமாகிவிடும்.

ஒரு குடியிருப்புப் பகுதி மளிகைக்கடை. 555 குறிப்பேட்டில் கடன் எழுதும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும் கடை. எழுபது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் காலையில் ஒரு கிலோ சீனி வாங்கிப் போனார். மாலையில் மறுபடியும் வந்து ஒரு கிலோ சீனி கேட்டார். மறுநாளும் அப்படியே. கடைப் பையன்கள் அவருக்கு 'சீனித் தாத்தா' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்துவிட்டுப் பாக்கி வாங்காமலேயே திரும்பிப் போனார். இன்னொரு நாள் கை நிறையச் சில்லறையை முகப்பில் கொட்டி, "நீயே எடுத்துக்கப்பா" என்றார்.

கல்லாவில் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார். ஒரே வாரத்தில் ஒன்பது கிலோ சீனி. தாத்தாவின் மகன் எப்போதோ கொடுத்த தொலைபேசி எண்ணும் அதே பக்கத்தில் இருந்தது. அழைத்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. அப்பாவை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்க."

வாங்கியதையே திரும்ப வாங்குவது, பழகிய காசை எண்ணத் தடுமாறுவது, கேட்டதையே மீண்டும் கேட்பது ஆகியவை மறதி நோயின் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். தனியாக வாழும் முதியவரின் வீட்டுக்குள் யாரும் தினமும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கடைக்காரர் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு முன்பே முதல் மாற்றம் கடைக்காரர் கண்ணில் படுவதற்கு இதுவே காரணம்.

ஒரு தீப்பெட்டிக்கு அரை மணி நேரம் பேசும் பாட்டியும் இந்த வரிசையில் வருபவர்தான். அவர் வாங்க வந்தது தீப்பெட்டியை அல்ல, இரண்டு வார்த்தைப் பேச்சை. அந்த நாளில் அவரோடு பேசிய ஒரே மனிதர் அந்தக் கடைப் பையனாக இருக்கக்கூடும். வம்புக்காரரையும் துணையற்றவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல கடைக்காரர். முன்னவரிடம் உறுதி வேண்டும். பின்னவரிடம் பொறுமை வேண்டும். இடம் மாறினால் இரண்டுமே கெட்டுவிடும்.

என்ன செய்யலாம்?

முதலாளிகள் செய்யக்கூடியது: புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே மூன்று விஷயங்களைக் கற்றுக் கொடுங்கள். கல்லாவை எப்படிக் கையாள்வது, கோபக்காரரிடம் எப்படிப் பேசுவது, எப்போது உங்களைக் கூப்பிடுவது. மாற்றிக் கொடுக்கும் நிபந்தனையை முகப்பில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தகராறு வந்தால் பணியாளரை விலக்கிவிட்டு நீங்கள் முன்னால் நில்லுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் கடை அடைத்த பிறகு கண்டியுங்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் அவமானப்பட்ட பிள்ளை அடுத்த வாடிக்கையாளருக்கு மனதாரச் சேவை செய்யாது.

பணியாளர்கள் செய்யக்கூடியது: குறையைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "நீங்கள் கட்டியிருக்கிறீர்கள்" என்பதைவிட "இதில் கறை இருக்கிறது" என்பது பாதுகாப்பான வாக்கியம். குரலை உயர்த்துகிறவரிடம் குரலைத் தாழ்த்துங்கள். வாடிக்கையாளர் கேட்பது நியாயமாக இருந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாப் புகாரையும் வம்பு என்று முத்திரை குத்தினால், உண்மையாகவே நஷ்டப்பட்டவரை விரட்டியதாகிவிடும்.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியது: கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுங்கள். காசை மேசையில் விட்டெறியாமல் கையில் கொடுங்கள். குறை இருந்தால் ரசீதோடு வாருங்கள். விலையை உயர்த்தியவர் முகப்பில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தத் துணிக்கடையில் என்ன ஆனது? கைக்குட்டை வாங்கிய மனிதர் அதே வாரத்தில் பக்கத்துக் கடையிலும் இதே வித்தையைக் காட்டியிருக்கிறார். அங்கே ஏமாந்தவர் இருபது வருட அனுபவமுள்ள கடை உரிமையாளரே. அதைக் கேள்விப்பட்ட பிறகு முதலாளி 48 வெள்ளியைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு தாளும் ஒட்டினார்: 'ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும்.'

அந்தப் பெண் டிசம்பர் கடைசியில் வேலையை விட்டாள். கல்லூரிக்குச் சேரும் பணம் தேறிவிட்டது. போகும்போது முதலாளி கையில் ஒரு உறையைக் கொடுத்து, "நல்லாப் படிம்மா" என்றார். அவரும் மோசமான மனிதர் அல்ல. ஆனால் சேலைச் சம்பவத்தைப் பற்றி அவர் கடைசிவரை எதுவும் பேசவில்லை. செய்யாத தவறுக்கு அன்று அவள் கேட்ட மன்னிப்பு, அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப்படாமலே இருக்கிறது.

இன்று கடைக்குப் போகும்போது முகப்பில் நிற்கும் முகத்தை ஒருமுறை பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளையோ அது. அடுத்த விடுமுறையில் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.